எரிவாயு மலிவு வரும். அதை நம்பி இருக்கலாமா?

சம்பா நடவு முடிந்து மேலுரம் இட வேண்டிய வாரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா இல்லை என்றால், அந்த இழப்பைப் பின்னால் எவ்வளவு பணம் கொடுத்தும் ஈடு செய்ய முடியாது. தூர் கட்டும் பருவம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பதினைந்து நாள் கழித்து லாரி வந்து மூட்டை இறங்கினாலும், கட்டாத தூர் கட்டாததுதான். சங்கத்தில் கிடைக்கும் பதில் "லோடு வரவில்லை" என்பதோடு முடிந்துவிடும். லோடு ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டு போனால், காரணம் சில ஆண்டுகளில் மணலியையும் தூத்துக்குடியையும் தாண்டி, கத்தார் நாட்டுத் துறைமுகத்திலோ அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையிலோ போய் நிற்கும்.

அங்கிருந்துதான் திரவ இயற்கை எரிவாயு கப்பலேறி வருகிறது. வரும் ஆண்டுகளில் இந்த வாயு உலகச் சந்தையில் பெருகும், விலை இறங்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அது நல்ல செய்திதான். ஆனால் அந்த மலிவை நம்பி யூரியாவைத் தாராளமாக வாரி இறைக்கலாம் என்று எண்ணுவது, ஒரு நல்ல மழையைப் பார்த்து ஏரியைத் தூர் வாராமல் விடுவதற்கு ஒப்பாகும்.

ஒரு மூட்டைக்கு ஒரு யூனிட்

யூரியாவில் உள்ள தழைச்சத்து காற்றிலிருந்து எடுக்கப்படுவதே. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் உள்ளது. ஆனால் அதைப் பயிர் ஏற்கும் உருவத்திற்குக் கொண்டுவர ஹைட்ரஜனும் மிகுந்த வெப்பமும் அழுத்தமும் தேவை. இவ்விரண்டையும் தருவது இயற்கை எரிவாயு. வாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜனும் காற்றின் நைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகிறது. அதனுடன் கரியமில வாயு சேர்ந்தால் யூரியா கிடைக்கிறது. ஆகவே யூரியா ஆலைக்கு எரிவாயுவே மூலப்பொருள், அதுவே அடுப்பும்கூட.

உலக வாணிபத்தில் எரிவாயுவைப் பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு என்ற கணக்கில் விலை பேசுகிறார்கள். இதை இங்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய ஒன்றரையை எரித்தால் கிடைக்கும் வெப்பம் அது. இந்திய ஆலைகளில் ஒரு டன் யூரியா செய்யச் சுமார் 22 யூனிட் வாயு செலவாகிறது. பழைய ஆலைகளில் சற்றுக் கூடும், புதியவற்றில் சற்றுக் குறையும். வகுத்துப் பார்த்தால் 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் வாயு. இந்தக் கணக்கை விவசாயப் பெருமக்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எரிவாயு யூனிட் பத்து டாலர் என்று பத்திரிகையில் செய்தி வந்தால், ஒரு மூட்டை யூரியாவுக்குள் பத்து டாலர் வாயு இருக்கிறது என்று பொருள். ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் அது 850 ரூபாய். ஆலைச் செலவு, சாக்கு, ரயில் கூலி ஆகியவை இதில் சேரவில்லை.

விவசாயி கொடுக்கும் விலையோ சுமார் 266 ரூபாய்தான். 2018-ல் 45 கிலோ மூட்டை வந்தபோது இருந்த அதே விலை 2025-லும் நீடித்தது. மீதியை அரசு மானியமாகக் கொடுக்கிறது. அதனால் கப்பலில் வரும் வாயுவின் விலை ஏறினாலும் இறங்கினாலும் சங்கத்து விலைப் பலகையில் எண் மாறுவதில்லை. ஏற்றத்தின் சுமை வேறு இரண்டு வழியில் வந்து சேர்கிறது. ஒன்று, அரசின் மானியச் செலவு பெருகுகிறது. மற்றொன்று, சரக்கு தட்டுப்படுகிறது.

தமிழ்நாட்டு ஆலைகளும் இந்தச் சந்தைக்கு வெளியே இல்லை. மணலி ஆலை நெடுங்காலம் நாஃப்தாவில் இயங்கியது. எண்ணூரில் திரவ வாயு இறக்கும் முனையம் அமைந்த 2019-ம் ஆண்டிலேயே அது எரிவாயுவுக்கு மாறியது. தூத்துக்குடி ஆலையும் 2021-ல் நாஃப்தாவை விட்டது. நாஃப்தாவில் செய்த யூரியாவுக்குச் செலவு அதிகம். ஆகவே மாறியது சரியே. ஆனால் மாறிய நாள் முதல் தமிழ்நாட்டு வயலுக்கும் உலக எரிவாயுச் சந்தைக்கும் இடையிலான தூரம் குறைந்துவிட்டது.

கிணற்றிலிருந்து ஆலை வரை

இயற்கை எரிவாயுவைக் குழாய் மூலம் கொண்டுவருவதே சிக்கனம். கடல் குறுக்கிட்டால் அது எளிதன்று. அதற்காக வாயுவைச் சுத்தம் செய்து, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 162 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர வைக்கிறார்கள். அப்போது அது திரவமாகி, கனஅளவு 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பெரிய வெப்பக்காப்புக் குடுவை போன்ற தொட்டிகள் உள்ள கப்பலில் ஏற்றி, இறங்கும் துறையில் மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். ஒரு கப்பலில் சுமார் 70,000 டன் வருகிறது. அது முழுவதும் உர ஆலைக்கே போனால் ஏறத்தாழ 35 லட்சம் மூட்டை யூரியா ஆகும். அத்தகைய ஒரு கப்பல் வேறு துறைமுகத்திற்குத் திரும்பிவிட்டால் எவ்வளவு பேரைப் பாதிக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்த வாயுவின் அடக்க விலையில் நான்கு பங்குகள் உண்டு. கிணற்றில் எடுக்கும் செலவு, குளிர வைக்கும் ஆலைச் செலவு, கப்பல் கூலி, இறங்குதுறையில் மறுபடி வாயுவாக்கும் கட்டணம் என்பனவே அவை. யார் மலிவாக விற்க முடியும் என்பது இந்த நான்கையும் பொறுத்தது.

இதில் கத்தார் முன்னிலையில் உள்ளது. அதன் வாயு வயல் மிகப் பெரியது. வாயுவோடு சேர்ந்து கிடைக்கும் எண்ணெய் போன்ற உபபொருள்களின் விற்பனையே செலவில் பெரும் பகுதியை ஈடு செய்கிறது. குஜராத்தின் தாஹேஜ் துறைக்கு அங்கிருந்து மூன்று நான்கு நாள் பயணம்தான். 2004-ல் இந்தியாவுக்கு வந்த முதல் திரவ வாயுக் கப்பல் கத்தாரிலிருந்து அத்துறைக்கே வந்தது.

அமெரிக்காவின் கணக்கு வேறு. அங்கு பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் வாயு உள்நாட்டில் மலிவு. லூசியானா மாநிலத்தில் உள்ள ஹென்றி ஹப் என்ற குழாய்ச் சந்திப்பின் விலையை அடிப்படையாக வைத்து, அதில் 115 சதவீதமும், குளிர வைக்கும் கட்டணமாக இரண்டரை முதல் மூன்று டாலர் வரையும் வாங்குவது பல ஒப்பந்தங்களின் முறை. ஹென்றி ஹப் விலை 3 டாலர் என்று கொள்வோர், 115 சதவீதம் என்பதற்கு 3.45, கட்டணம் 3, இந்தியா வரை கப்பல் கூலி சுமார் 2 எனக் கூட்டினால் எட்டரை டாலர் ஆகிறது. கப்பல் வர ஒரு மாதம் போல் பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவிலோ ஆலை கட்டும் செலவே மிகுந்துவிட்டது. அங்குள்ள கோர்கன் திட்டம் 3,700 கோடி டாலர் மதிப்பீட்டில் தொடங்கி 5,400 கோடி டாலரில் முடிந்தது. கிணறு வெட்டக் கடன் வாங்கியவர் நினைத்த ஆழத்தில் தண்ணீர் வராமல் மேலும் மேலும் வெட்டிய கதைதான் அது. அந்தக் கடன் தீரும் வரை அங்கிருந்து வரும் வாயு மலிவாக இருக்க முடியாது.

இரண்டு டாலரும் அறுபது டாலரும்

2020-ம் ஆண்டின் மத்தியில், நோய்ப் பரவலால் உலகமே முடங்கிக் கிடந்தபோது, ஆசியாவில் உடனடிக் கொள்முதல் விலை யூனிட் 2 டாலருக்கும் கீழே போயிற்று. வாங்க ஆள் இல்லாமல் அமெரிக்காவில் ஏற்றவேண்டிய பல கப்பல்கள் ரத்தாயின. இரண்டே ஆண்டில், 2022 ஆகஸ்டில், அதே வாயு 60 டாலரைத் தாண்டியது. உக்ரைன் போரால் ரஷ்யக் குழாய் வாயுவை இழந்த ஐரோப்பிய நாடுகள், கையில் பணம் இருந்ததால், கடலில் கிடைத்த கப்பலையெல்லாம் வாங்கின. அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் ஆலையில் 2022 ஜூனில் தீ விபத்து ஏற்பட்டு, மறு ஆண்டு வரை அது மூடிக் கிடந்ததும் தட்டுப்பாட்டைக் கூட்டியது.

அடிபட்டவை ஏழை நாடுகள். வங்காளதேசம் 2022 ஜூலையில் உடனடிக் கொள்முதலையே நிறுத்தியது. பாகிஸ்தான் டெண்டர் விட்டும் விற்க யாரும் முன்வரவில்லை. நீண்டகால ஒப்பந்தத்தில் அந்நாட்டுக்கு வரவேண்டிய சில கப்பல்கள்கூட வரவில்லை. விலை உச்சத்தில் இருக்கும்போது, அபராதத்தைக் கட்டிவிட்டு வேறிடத்தில் விற்பதே விற்பவருக்கு இலாபம் என்ற நிலை பிறந்துவிடுகிறது. ஒப்பந்தம் கையில் இருந்தாலும் சரக்கு கையில் இல்லை என்ற அனுபவம் இந்தியாவுக்கும் 2022-ல் ஏற்பட்டது. ரஷ்ய நிறுவனம் ஒன்றோடு செய்த ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய கப்பல்கள் தடைப்பட்டன.

யூரியாவின் விலையும் கூடவே ஏறியது. 2020-ன் இறுதியில் டன் 300 டாலருக்கும் குறைவாக இறக்குமதியான யூரியாவுக்கு, 2021 நவம்பரில் இந்தியா ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்தது. 2019-20-ல் சுமார் 81,000 கோடி ரூபாயாக இருந்த மத்திய அரசின் உர மானியம், 2022-23-ல் இரண்டரை லட்சம் கோடியாக உயர்ந்தது. விவசாயி கொடுத்த விலை மாறவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை ஏரி, எத்தனை வாய்க்கால், எத்தனை களம், எத்தனை சேமிப்புக் கிடங்கு கட்டியிருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தால், விலை யார் தலையில் விழுந்தது என்பது விளங்கும்.

வரப்போகும் பெருக்கம்

2024-ம் ஆண்டில் உலகில் கைமாறிய திரவ வாயு சுமார் 41 கோடி டன். இது வேகமாக வளரும் என்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருந்த தன் உற்பத்தித் திறனை 2030 முடிவதற்குள் 14.2 கோடி டன்னாக உயர்த்தும் திட்டத்தைக் கத்தார் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 2016-ல்தான் பாறை வாயுவைக் கப்பலேற்றத் தொடங்கிய அமெரிக்கா, 2023-ல் உலகின் முதல் ஏற்றுமதியாளர் ஆயிற்று; 2024 டிசம்பரில் லூசியானாவிலும் டெக்சாஸிலும் மேலும் இரண்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள கிட்டிமாட் துறையிலிருந்து முதல் கப்பல் 2025 ஜூன் இறுதியில் புறப்பட்டது. 2030-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி கனமீட்டர் அளவுக்குப் புதிய திறன் சேரும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2025-ல் கணித்தது. இது 2024-ல் நடந்த வாணிபத்தில் ஏறக்குறைய பாதிக்குச் சமம்.

இவ்வளவு சரக்கு வந்தால் விலை இறங்குவது இயற்கை. ஆனால் எவ்வளவு இறங்கும் என்பதில் மயக்கம் கூடாது. மேலே கண்ட கணக்குப்படி, அமெரிக்க வாயு இந்தியக் கரைக்கு வர எட்டு டாலருக்கு மேல் ஆகிறது. சந்தை அதற்குக் கீழே சில மாதங்கள் போகலாம். ஏற்கெனவே கட்டிய ஆலைக்காரர்கள் முதலில் போட்ட பணத்தை மறந்து, கைச்செலவு வந்தால் போதும் என்று விற்பார்கள். ஆனால் அந்த விலையில் புதிய ஆலை கட்ட ஒருவரும் வரமாட்டார். எட்டு டாலர் என்றே கொண்டாலும் ஒரு மூட்டைக்குள் இருக்கும் வாயுவின் மதிப்பு 680 ரூபாய். 266 ரூபாய் அப்போதும் எட்டாது. பெருக்கம் வந்தாலும் மானியத்தின் சுமை குறையுமே தவிர, தீராது.

வெங்காயச் சந்தையின் பாடம்

ஓர் ஆண்டு வெங்காயம் விலை ஏறினால் மறு ஆண்டு ஊரெல்லாம் வெங்காயம் நடுவதும், விலை விழுந்து வயலிலேயே அழுக விடுவதும், அதற்கு மறு ஆண்டு நடுவாரின்றி விலை ஏறுவதும் விவசாயிகள் அறிந்ததே. எரிவாயுச் சந்தையும் அப்படித்தான் நடக்கிறது. 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின் விலை ஏறியது, ஆலைகள் பெருகின, 2016-ல் விலை சரிந்தது, 2020-ல் அடிமட்டம், 2022-ல் உச்சம். வெங்காயத்துக்கும் இதற்கும் ஒரே வேற்றுமை, வெங்காயம் மூன்று நான்கு மாதப் பயிர், வாயு ஆலை கட்ட நான்கைந்து ஆண்டு ஆகும் என்பதுதான். அதனால் மலிவும் நீளும், பஞ்சமும் நீளும். மலிவுக் காலத்தில் ஆலை கட்டாமல் விடுவதே அடுத்த பஞ்சத்தின் விதை.

வழித்தடத்தின் ஆபத்தும் உண்டு. 2024-ல் உலகத் திரவ வாயு வாணிபத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் என்ற ஒரே குறுகிய நீரிணை வழியாகச் சென்றது. கத்தாரின் வாயு வெளிவர வேறு கடல் வழி இல்லை. எத்தனை ஆலை கட்டினாலும், வாயில் அடைபட்டால் மதகு மூடிய கால்வாய்தான். அமெரிக்காவிலோ உள்நாட்டு மின்தேவை பெருகி வருவதால் ஹென்றி ஹப் விலை எப்போதும் மூன்று டாலரிலேயே நிற்கும் என்று உறுதி கூற முடியாது.

அரசு செய்ய வேண்டியது

முதலாவது, உர ஆலைகளுக்கான வாயுவை அன்றாடச் சந்தை விலைக்கு விட்டுவிடக் கூடாது. கத்தாரோடு 2028 முதல் 2048 வரை ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்க 2024 பிப்ரவரியில் செய்த ஒப்பந்தம் சரியான திசையில் வைத்த அடி. ஆனால் எல்லா விதையையும் ஒரே வயலில் தெளிப்பது விவேகமன்று. கச்சா எண்ணெய் விலையோடு இணைந்த ஒப்பந்தம், ஹென்றி ஹப் விலையோடு இணைந்த ஒப்பந்தம் இரண்டும் கலந்து இருக்க வேண்டும். விற்பவர் நாடும், கப்பல் வரும் வழியும் வேறு வேறாக இருக்க வேண்டும். விலை தாழ்ந்திருக்கும்போதுதான் வாங்குபவரின் சொல் எடுபடும். பேரம் பேச வேண்டிய காலம் அதுவே.

இரண்டாவது, மலிவுக் காலத்திலேயே இருப்பு வைக்க வேண்டும். திரவ வாயுவைப் பல மாதம் சேர்த்து வைப்பது பெருஞ்செலவு. தொட்டியில் இருக்கும்போதே சிறிது சிறிதாக ஆவியாகும். யூரியாவோ ஈரம் படாமல் காத்தால் கிடங்கில் பல மாதம் கெடாமல் இருக்கும். வாயுவைக் குதிரில் கொட்டி வைக்க முடியாது; யூரியாவை வைக்கலாம். ஆகவே வாயு மலிந்த மாதங்களில் ஆலைகளை முழுத் திறனில் ஓட்டி, குறுவைக்கும் சம்பாவுக்கும் முன்பே வட்டாரந்தோறும் கூட்டுறவுக் கிடங்குகளில் சரக்கை இறக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, விலை இறங்கும்போது மிஞ்சும் மானியப் பணத்தை மண்ணுக்கே திருப்ப வேண்டும். யூரியா மிக மலிவாகவும் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்கள் விலை கூடியும் இருப்பதால், கைக்கு எட்டிய யூரியாவையே அதிகம் இடும் பழக்கம் வளர்ந்துவிட்டது. மிஞ்சும் பணத்தை அந்த உரங்களுக்கும், பசுந்தாள் விதைக்கும், மண் பரிசோதனைக்கும் கொடுத்தால் அடுத்த விலையேற்றம் வரும்போது வயல் தாங்கும்.

யூரியா விலையை உயர்த்திவிட்டால் சிக்கனம் தானே வரும் என்று வாதிப்போர் உண்டு. நெல் விலையும் கூலியும் இப்போதுள்ள நிலையில், இரண்டு ஏக்கர்காரர் அந்த வைத்தியத்தைத் தாங்க மாட்டார். பழக்கத்தை மாற்ற வழி காட்டாமல் விலையை மட்டும் ஏற்றுவது நியாயமாகாது.

வயலில் செய்யக்கூடியது

கப்பல் வருவதும் வராததும் விவசாயி கையில் இல்லை. இட்ட யூரியா வீணாகாமல் காப்பது அவர் கையில் உள்ளது. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். மீதி நீரோடும் காற்றோடும் போகிறது. மத்திய, நீண்ட கால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. அது மூன்று மூட்டை யூரியாவுக்குள் அடங்கும். ஐந்து மூட்டை இடுபவர் இரண்டு யூனிட் வாயுவை வாய்க்காலில் விடுகிறார்; கூடவே புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் அழைக்கிறார்; பயிரும் சாய்கிறது.

இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துவது எளிது. நட்ட 14-ம் நாள் முதல் வாரம் ஒருமுறை, மேலிருந்து மூன்றாவதாக உள்ள முழுதும் விரிந்த இலையைப் பத்து இடங்களில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலை 4-ம் எண் நிறத்துக்குக் குறைந்திருந்தால் மட்டும் மேலுரம் இட்டால் போதும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3-ம் எண். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுது, ஏக்கருக்கு இரண்டரை டன் தழை மண்ணில் சேர்ந்தால், அரை மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்து வயலிலேயே விளைந்துவிடும். அந்த அரை மூட்டைக்கு ஹோர்முஸ் நீரிணையும் வேண்டாம், ஹென்றி ஹப்பும் வேண்டாம்.

ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைத்தால் விவசாயிக்கு மிஞ்சுவது 266 ரூபாய்தானே என்று எண்ணக் கூடாது. மூன்று மூட்டையில் விளைச்சல் எடுக்கப் பழகிய வயலுக்கு, தட்டுப்பாடு வரும் ஆண்டில் மூன்று மூட்டை தேடினால் போதும்; ஐந்துக்குப் பழகிய வயல் அந்த ஆண்டில் தவித்துப் போகும். பழக்கத்தை மாற்ற ஏற்ற காலம், சரக்கு தாராளமாகக் கிடைக்கும் காலமே. ஆகவே வரும் போகத்திலேயே ஒரு காணி நிலத்திலாவது தக்கைப்பூண்டு விதைத்தும், இலை வண்ண அட்டை பார்த்து உரமிட்டும், பக்கத்து வயலோடு விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.